காரியத்தை இன்றே முடிக்கிற முதலாளி



உங்களில் பலர் தொழில் நடத்துகிறவர்கள். மளிகைக்கடை, துணிக்கடை, அச்சகம், தையல் கூடம், கட்டட ஒப்பந்தம் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொழில் இருக்கிறது. அதை நம்பி ஐந்து பேரோ ஐம்பது பேரோ பிழைக்கிறார்கள். இன்னும் பலர் அத்தகைய இடங்களில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். இரு தரப்பாரும் ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில், சில வேளைகளில் ஒரே வரிசையில், அமர்கிறீர்கள். ஆகவே நல்ல முதலாளி யார் என்ற கேள்வியை மேலாண்மை நூல்களுக்கு மட்டும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. அது நம் சபைக்குள்ளேயே இருக்கிற கேள்வி.

சபைப் பேச்சில் ஒருவரை ‘நல்ல முதலாளி’ என்று நாம் சொல்லும்போது எதை மனத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தசமபாகம் தவறாமல் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைக்கிறார். காலையில் ஜெபித்த பிறகே கல்லாவைத் திறக்கிறார். கிறிஸ்துமசுக்கு வேலையாட்கள் எல்லாருக்கும் புத்தாடை எடுத்துத் தருகிறார். இவை நல்லவையே, இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த அடையாளங்கள் யாவும் முதலாளிக்கு அருகில் நிற்கிறவர்களின் கண்ணுக்குத் தெரிகிறவை. அவருடைய இலாபத்தின் மறுமுனையில், அவர் முகத்தையே பார்த்திராத ஒருவரும் நிற்கக்கூடும். அந்த மனிதருக்குத் தீங்கு நேர்கிறது என்ற செய்தி முதலாளியின் காதில் விழுகிற நாளில் அவர் என்ன செய்கிறார், எத்தனை நாளில் செய்கிறார் என்பதைக் கொண்டே அவரை அளக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ரூத்தின் புத்தகத்தை நாம் பெரும்பாலும் ஒரு மருமகளின் அன்பைச் சொல்லும் வரலாறாக வாசிக்கிறோம். திருமண ஆராதனைகளில் அதிலிருந்து பிரசங்கிக்கிறோம். இந்த வாரம் அதன் இரண்டாம் அதிகாரத்தை, தொழில் நடத்துகிற ஒருவருடைய ஒருநாள் வேலையாக எண்ணி வாசித்துப் பாருங்கள்.

வாற்கோதுமை அறுவடைக் காலம். நிலத்தின் சொந்தக்காரராகிய போவாஸ் பெத்லகேமிலிருந்து வயலுக்கு வருகிறார். அறுக்கிறவர்களைக் கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி வாழ்த்துகிறார். அவர்களும் அவ்வாறே அவரை வாழ்த்துகிறார்கள். அதோடு நின்றிருந்தால் அவரைப் பக்தியுள்ள முதலாளி என்று சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் சொல்ல இடமிருந்திராது. ஆனால் அவருடைய பார்வை கதிர்க்கட்டுகளைக் கடந்து, அறுக்கிறவர்களுக்குப் பின்னால் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போகிறது. அவள் அவருடைய வேலைக்காரி அல்ல. கூலிக் கணக்கில் அவள் பெயர் இல்லை. மோவாப் தேசத்தாள், விதவை, ஊருக்குப் புதியவள். நியாயப்பிரமாணத்தின்படி உதிர்ந்த கதிரைப் பொறுக்க அவளுக்கு உரிமை உண்டு. எனவே அவளைப் பார்த்தும் பாராமல் போயிருந்தாலும் சட்டப்படி அவர்மேல் குற்றம் இல்லை. அப்படியிருந்தும் அவள் யாருடையவள் என்று அவர் கண்காணியிடம் கேட்கிறார்.

கண்காணி சொன்ன பதிலையும் கவனியுங்கள். அவள் எந்த நாட்டிலிருந்து வந்தாள், யாரோடு வந்தாள், என்ன அனுமதி கேட்டாள், காலைமுதல் எவ்வளவு நேரமாக வேலை செய்கிறாள், நிழலில் உட்கார்ந்தது எவ்வளவு கொஞ்ச நேரம் என்பதுவரை அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கிற வழக்கமுள்ள முதலாளியிடம் வேலை செய்கிற கண்காணிதான் இவ்வளவையும் தெரிந்துவைத்திருப்பார். எதைக் கேட்டாலும் எரிந்துவிழுகிற முதலாளியிடம் ‘எல்லாம் சரியாக இருக்கிறது, ஐயா’ என்ற ஒரே பதில்தான் வந்துசேரும். உங்கள் மேற்பார்வையாளர்கள் உங்களிடம் கடைசியாக ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுவந்தது எப்போது? நெடுநாள்களாக அப்படி எதுவும் வரவில்லை என்றால், உங்கள் தொழிலில் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்று எண்ணி ஆறுதல் அடைந்துவிடாதிருங்கள்.

பின்பு போவாஸ் செய்கிற காரியங்கள் எல்லாம் அதே நாளில் நடக்கின்றன. வாலிபர் யாரும் அவளைத் தொடக்கூடாது என்று கட்டளை கொடுக்கிறார். வேலையிடத்தில் ஒரு பெண்ணுக்கு நேரக்கூடிய தீங்கை அவள் வாய்திறந்து முறையிடும்வரை அவர் காத்திருக்கவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்று நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் சபையாரின் கடைகளில் எத்தனை கடைகளில் அது இருக்கிறதென்று எனக்கு விடை வேண்டியிருக்கிறது. தாகமெடுத்தால் வேலையாட்கள் மொண்டுவைத்த தண்ணீரையே குடிக்கலாம் என்று அவளுக்குச் சொல்கிறார். உணவு வேளையில் அறுக்கிறவர்களின் அருகே அவளை உட்காரச் செய்து, வறுத்த கோதுமையைத் தம் கையாலேயே கொடுக்கிறார். அவள் எழுந்துபோன பிறகு, கதிர்க்கட்டுகளின் நடுவிலும் அவள் பொறுக்கட்டும், சில அரிகளை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று தம் ஆட்களிடம் தனியாகச் சொல்கிறார். இந்தக் கடைசிக் கட்டளையில் எனக்கு மிகுந்த வியப்பு உண்டு. அவள் தன் உழைப்பால் சேர்த்ததாகவே எண்ணி வீடு திரும்பும்படி அவர் தம் ஈகையை மறைத்துவைக்கிறார். நாமோ ஒரு மின்விசிறியை ஆலயத்துக்குக் கொடுத்தாலும் அதன் இறக்கையில் நம் பெயரை எழுதிவிடுகிறோம்.

மூன்றாம் அதிகாரத்தின் முடிவில் நகோமி தன் மருமகளுக்கு ஒரு நிச்சயத்தைச் சொல்கிறாள்: அந்த மனிதர் இந்தக் காரியத்தை இன்றைக்கே முடிக்காமல் ஓயமாட்டார் என்று. அவர் அப்படியே விடிந்ததும் ஊர் வாசலுக்குப் போய், மூப்பர் பத்துப் பேரை உட்காரவைத்து, தமக்கு முந்தின உரிமையுள்ள உறவினனிடம் பேசி முடிக்கிறார். அந்த உறவினன் நிலத்தை வாங்க முதலில் சம்மதிக்கிறான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்கவேண்டும் என்று கேட்டதும் தன் சொத்துக்குக் கேடு வருமென்று பின்வாங்கிக்கொள்கிறான். கணக்குத் தெரிந்த மனிதன்தான். வேதம் அவன் பெயரைக்கூடப் பதிவுசெய்யவில்லை.

போவாசுக்கு ஒரு வசதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவருடைய வயல் அவருடைய ஊரை ஒட்டி இருந்தது. ஓரத்தில் நின்றவளை அவரால் கண்ணாரக் காண முடிந்தது. இன்றைய தொழிலில் வயலின் ஓரம் கடலுக்கு அப்பாலும் இருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் அகப்பட்ட ஒரு கிறிஸ்தவத் தொழில் குடும்பத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் குடும்பத்தின் பெயர் நம் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். சாக்லேட் உறையின்மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. கேட்பரி.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் புல் தெருவில் 1824-ஆம் ஆண்டு ஜான் கேட்பரி என்பவர் தேயிலை, காப்பி, கொக்கோ விற்கும் கடையொன்றைத் திறந்தார். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் குவேக்கர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. போர் செய்வது அவர்கள் மனச்சாட்சிக்கு விரோதமானதால் இராணுவமும் இல்லை. எனவே அச்சபையார் பலர் வணிகத்துக்கு வந்தார்கள். பேரம் பேசாத ஒரே விலை, கலப்படமில்லாத பொருள், சொன்ன சொல் தவறாமை ஆகியவற்றால் மக்கள் அவர்களை நம்பினார்கள். ஓர் உறுப்பினர் கடனில் மூழ்கி நொடித்துப்போனால் சபையே அவருடைய கணக்குகளை விசாரிக்கும். அவர்மேல் தவறு இருந்தால் சபையைவிட்டு நீக்கவும் செய்யும். இதை மறவாதிருங்கள், பின்னால் இதைக்குறித்து ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

ஜானின் மக்களாகிய ரிச்சர்டும் ஜார்ஜும் 1861-இல் பொறுப்பேற்றபோது தொழில் மூழ்கும் நிலையில் இருந்தது. தங்கள் குடும்பச் சொத்தை அதில் போட்டு, வசதிகளைக் குறைத்துக்கொண்டு உழைத்தார்கள். மற்றவர்கள் கொக்கோவில் மாவைக் கலந்து விற்ற காலத்தில், 1866-இல் இவர்கள் கலப்பில்லாத கொக்கோத் தூளைக் கொண்டுவந்தார்கள். தொழில் எழுந்தது. 1879-இல் நகரத்தின் புகையையும் நெருக்கடியையும் விட்டு, நான்கு மைல் தொலைவில் போர்ன்வில் என்று பெயரிட்ட இடத்தில் புதிய தொழிற்சாலையைக் கட்டினார்கள். தொழிலாளருக்கு உணவு சமைக்க அறைகள், விளையாட்டு மைதானங்கள், சனிக்கிழமை அரைநாள் விடுமுறை, காலையில் வேதவாசிப்பு என அங்கே ஏற்பாடுகள் இருந்தன. ஜார்ஜ் 1893-இல் பக்கத்து நிலத்தை வாங்கி, தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டத் தொடங்கினார். 1900-இல் அந்தக் குடியிருப்பு முழுவதையும் தம் குடும்பத்தின் கையிலிருந்து எடுத்து ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1906-இல் ஓய்வூதியத் திட்டமும் வந்தது. ஞாயிறு காலையில் தொழிலாளருக்கு எழுத்தறிவும் வேதமும் கற்பிக்கும் வகுப்பை அவர் பல்லாண்டு காலம் தாமே நடத்தினார். நம் சபையில் இப்படி ஒருவர் இருந்தால் அவரை எவ்வளவு உயரத்தில் வைத்திருப்போம்! அவர் அதற்குத் தகுதியுள்ளவரே.

ஆனால் கொக்கோ போர்ன்வில்லில் விளைவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் வாங்கிய கொக்கோவில் பெரும்பங்கு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ டோமே, பிரின்சிப்பே என்னும் போர்த்துக்கீசியத் தீவுகளிலிருந்து வந்தது. 1901-ஆம் ஆண்டு, ரிச்சர்டின் மகனாகிய வில்லியம் கேட்பரி டிரினிடாட் தீவுக்குப் போயிருந்தபோது, சாவோ டோமேயின் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்டார். பின்னர் அதற்கு ஒரு சான்றும் அவர் கைக்கே வந்தது. அத்தீவில் ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தது. அதன் சொத்துப் பட்டியலில், கட்டடங்களோடும் கால்நடைகளோடும் சேர்த்து, இருநூறு கறுப்பினத் தொழிலாளர் 3,555 பவுண்டு என்று விலை குறிக்கப்பட்டிருந்தது.

சட்டப்படி அவர்கள் அடிமைகள் அல்ல. போர்த்துக்கல் அடிமைத்தனத்தை ஏற்கெனவே ஒழித்துவிட்டது. அவர்கள் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’. அங்கோலாவின் உள்நாட்டில் பிடிக்கப்பட்டோ வாங்கப்பட்டோ, நெடுந்தூரம் கடற்கரைக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டு, ஓர் அதிகாரியின் முன் நிறுத்தப்பட்டு, ஐந்தாண்டுக்குச் சம்மதித்ததாக எழுதிக்கொள்ளப்பட்டுத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஐந்தாண்டு முடிந்தால் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. ஊர் திரும்பியவர் ஏறக்குறைய எவருமில்லை.

வில்லியம் இந்தச் செய்தியை மூடி மறைக்கவில்லை. இதை நேர்மையோடு சொல்லவேண்டும். அவர் விசாரித்தார், கடிதங்கள் எழுதினார். 1903-இல் லிஸ்பன் நகருக்குப் போய்ப் போர்த்துக்கீசிய அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் கண்டார். புதிய தொழிலாளர் சட்டம் வந்திருக்கிறது, ஓராண்டு பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார். பின்பு ஜோசப் பர்ட் என்ற குவேக்கர் ஒருவரை நேரில் போய்ப் பார்த்துவர அனுப்பினார். அவர் முதலில் போர்த்துக்கீசிய மொழியைக் கற்றுக்கொண்டு, 1905-இல் தீவுகளுக்குப் போய், அங்கோலாவுக்கும் போய், 1907-இல் திரும்பி வந்து, கேட்டதெல்லாம் மெய்தான் என்று அறிக்கை கொடுத்தார். இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் நடந்துபோய்ப் பார்த்து, 1905-ஆம் ஆண்டிலேயே கட்டுரைகளாக எழுதத் தொடங்கிவிட்டார். 1906-இல் அவை புத்தகமாகவும் வந்தன. பர்ட்டின் அறிக்கை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்குப் போயிற்று. இராஜரீதியாக நாங்கள் பேசுகிறோம், வெளியிடாதிருங்கள் என்று துறையார் கேட்டுக்கொண்டார்கள். மறுபடியும் பொறுத்தார். 1908-இன் இறுதியில் வில்லியம் தாமே ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பார்த்தார். 1909 மார்ச் மாதத்தில், இனி அத்தீவுகளின் கொக்கோவை வாங்கமாட்டோம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இங்கிலாந்தின் மற்ற இரு குவேக்கர் நிறுவனங்களாகிய ஃபிரையும் ரவுண்ட்ரீயும் சேர்ந்துகொண்டன.

1901-க்கும் 1909-க்கும் நடுவே எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளும் கொக்கோ மூட்டைகள் தவறாமல் போர்ன்வில்லுக்கு வந்துகொண்டேயிருந்தன.

1908 செப்டம்பரில் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற நாளிதழ், உள்ளூர்த் தொழிலாளருக்குத் தோட்டமும் மைதானமும் கொடுக்கிற இவர்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கொக்கோவை அறிந்தே வாங்குகிறார்கள் என்று எழுதியது. அந்த இதழுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. ஜார்ஜ் கேட்பரிக்குச் சொந்தமான ‘டெய்லி நியூஸ்’, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் அடிமைகளைப்போல் நடத்தப்படுவதாகச் சொல்லி எதிர்க்கட்சியை வாட்டியிருந்தது. அரசியல் பகை கலந்திருந்தாலும், சொன்ன செய்தி பொய்யாகிவிடாது. கேட்பரி குடும்பத்தார் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். 1909-ஆம் ஆண்டின் இறுதியில் பர்மிங்காமில், தங்கள் சொந்த ஊரிலேயே, வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன், அந்த எட்டு ஆண்டுகளில் உங்கள் கொக்கோவுக்காக உழைத்து மாண்டவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எப்போதாவது கணக்குப் பார்த்ததுண்டா என்ற பொருளில் வில்லியமைக் கேட்டார். அவரிடம் அந்தக் கணக்கு இல்லை. கொக்கோவின் விலை, எடை, தரம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்த நிறுவனம் அது.

நடுவர் குழு கேட்பரி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இழப்பீடாக ஒரு ஃபார்த்திங் கொடுக்கச் சொன்னது. பென்னியில் கால்பங்கு, அந்நாட்டு நாணயங்களில் ஆகச் சிறியது அதுதான்.

இப்போது வில்லியமின் வாதத்தை நாம் அதன் முழு வலிமையோடு கேட்கவேண்டும். ஏனெனில் அது நம்மில் பலருடைய வாதமும்கூட. நாங்கள் வாங்குவதை நிறுத்தினால் வேறொருவர் வாங்குவார், அடிமைகளுக்கு ஒரு நன்மையும் விளையாது. வாங்கிக்கொண்டிருக்கும்வரை எங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு, உள்ளேயிருந்து திருத்த முயல்வோம் என்றார்கள். இது போலி வாதம் அல்ல. விசாரணைக்காக அவர்கள் தங்கள் பணத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டார்கள். வில்லியம் கள்ளமனம் படைத்தவர் என்று நான் நம்பவில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளை விசாரிப்பதற்கு எடுத்துக்கொண்டதையும் நான் குறைசொல்லமாட்டேன். வதந்தியை நம்பி ஒருவர்மேல் பழிபோடுவதும் பாவமே. ஆனால் பர்ட் திரும்பி வந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் சிறு விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் கொக்கோவை ஏராளமாக விளைவிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1911-க்குள் உலகத்திலேயே அதிகக் கொக்கோ விளைவிக்கும் நாடாக அது உயர்ந்தது. கேட்பரி நிறுவனமும் அங்கே வாங்கத் தொடங்கியது. வேறு கொக்கோ கிடைக்கத் தொடங்கிய பிறகே அவர்கள் பழைய கொக்கோவைக் கைவிட்டார்கள் என்பதை மறுப்பது கடினம். உள்ளேயிருந்து திருத்துகிறவர் ஒரு தவணை நாளைக் குறிக்கவேண்டும். அந்த நாளுக்குள் திருந்தவில்லையெனில் வெளியேறுவேன் என்று எதிரிலிருப்பவர் நம்பும்படி சொல்லவேண்டும். தவணையே இல்லாத பொறுமை, வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் மட்டுமே வசதியாக இருந்தது. மற்றவன் தோட்டத்தில் மாண்டுகொண்டிருந்தான்.

கொக்கோவின் கதை அதோடு முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கொக்கோத் தோட்டங்களில் பிள்ளைகள் அபாயகரமான வேலை செய்வதைப்பற்றி உலகம் பேசத் தொடங்கியபோது, 2001-இல் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தவணை 2005 என்றார்கள். பின்பு 2008 என்றார்கள். பின்பு 2020-க்குள் எழுபது விழுக்காடு குறைப்போம் என்று இலக்கே சுருங்கியது, அதுவும் நிறைவேறவில்லை. பிறந்தநாளுக்கு ஆலயத்தில் மிட்டாய் வழங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தவணையைத் தள்ளிப்போடுவது எவ்வளவு எளிது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஐம்பது பேருக்கு வேலை கொடுக்கிற உங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உங்களிடமும் ஒரு சாவோ டோமே இருக்கக்கூடும். கட்டட வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிற முகவர் இருக்கிறார். அவர் அந்த வாலிபர்களுக்கு ஊரில் எவ்வளவு முன்பணம் கொடுத்தார், அதை எப்படிப் பிடித்துக்கொள்கிறார், தலைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? ‘அது காண்ட்ராக்டர் பொறுப்பு, ஐயா’ என்று சொல்வீர்களானால், அந்த வாக்கியத்தைத்தான் 1903-இல் லிஸ்பனிலும் சொன்னார்கள். தையல் வேலையை வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறவர்களே, ஒரு துண்டுக்கு நீங்கள் கொடுக்கிற பணத்தில் எவ்வளவு ஊசி பிடிக்கிற கைக்குப் போய்ச் சேருகிறது? வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருக்கிற சகோதரிகளே, நீங்களும் முதலாளிகள்தாம். அவர்கள் காய்ச்சலில் படுத்த நாளின் சம்பளத்தை என்ன செய்கிறீர்கள்?

துணிக்கடை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. நம் மாநிலத்தில் கடைகளில் விற்பனை வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தவேண்டியதாயிற்று. கேரளத்தில் அது சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஒரு முக்காலிக்குச் சட்டம்! பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்பிள்ளைகள் நம் ஆலயத்திலும் இருக்கிறார்கள்; பாடலுக்கு எழுந்து நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ரூத் நிழலில் சற்றே இளைப்பாறினாள் என்பதைப் போவாசின் கண்காணி அறிந்திருந்தார்; அதை ஒரு குற்றமாக அவர் சொன்னதாகத் தெரியவில்லை. இருக்கை போட்டும் ‘வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காராதே’ என்று வாய்மொழியாகச் சொல்லிவைத்திருக்கிற கடைகளும் உண்டென்று கேள்விப்படுகிறேன். சட்டத்தை நிறைவேற்றியதாகக் கணக்கில் எழுதிக்கொள்ள அது போதும். போவாஸ் அவ்விதம் கணக்கு எழுதியிருந்தால் ரூத் உதிர்ந்த கதிரோடு வீடு போயிருப்பாள்.

போட்டியில் நிலைக்கமுடியாது என்பீர்கள். சில வேளைகளில் அது உண்மை. நியாயமாக நடந்தவர் எல்லாரும் செழித்தார்கள் என்று நான் உங்களுக்குப் பொய் வாக்குறுதி தரமாட்டேன். அப்படிச் சொல்கிற சாட்சிக் கூட்டங்கள் பல நடக்கின்றன, நான் அவற்றுக்கு ஆள் அனுப்புவதில்லை. கூலியைப் பிடித்துவைத்தவர்களின் வயலிலிருந்து எழும் கூக்குரல் கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியபோது, அதற்கு விதிவிலக்காகப் போட்டியைக் குறிப்பிடவில்லை. குறைந்த இலாபத்தில் நடத்த முடிகிற தொழிலை அவ்விதமே நடத்துங்கள். ஒருவருடைய வயிற்றில் அடித்தால் மட்டுமே நடக்கும் என்ற நிலையிலுள்ள தொழிலை ஏன் நடத்தவேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

குவேக்கர் சபையைக்குறித்து மறவாதிருக்கச் சொன்னேன். தங்கள் உறுப்பினர் ஒருவர் கடன்காரருக்குப் பாக்கி வைத்தால் அவருடைய கணக்கைத் திறந்துபார்த்த சபை அது. நம் திருச்சபைகளில் ஒரு கடை திறக்கப்படும்போது போதகரை அழைக்கிறார்கள். ரிப்பன் வெட்டி, ஜெபித்து, வியாபாரம் பெருகவேண்டும் என்று ஆசீர்வாதம் கேட்கிறார்கள். சீருடையோடு சுவரோரம் வரிசையாக நிற்கிற பிள்ளைகளின் சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. மரியாதைக்கு அஞ்சிச் சபை வாயை மூடிக்கொண்டால், அந்தக் கடையின் இலாபத்திலிருந்து வருகிற காணிக்கைக்கும் நாம் பங்காளிகள். இனி என்னைக் கடைத்திறப்புக்கு அழைக்கிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் எதிர்பார்க்கலாம். ரிப்பனுக்கு முன்பே கேட்டுவிடுவேன். விருந்தினர் முன்னிலையில் கேட்டுச் சங்கடப்படுத்தமாட்டேன்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கும், விசேஷமாக மேற்பார்வையாளர்களாக இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். போவாசின் கண்காணி உண்மையைச் சொன்னதால்தான் முதலாளியால் அன்றைக்கே செயல்பட முடிந்தது. உங்கள் முதலாளிக்குச் செய்தி போகாமல் தடுத்து அவருக்கு நிம்மதியைக் காத்துக்கொடுப்பது விசுவாசம் அல்ல. சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் உண்மையானது என்று அறிவேன். தனியாகச் சொல்ல இயலாவிட்டால் என்னிடம் வாருங்கள். உங்கள் பெயர் வெளிப்படாமல் நான் போய்ப் பேசுகிறேன்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், தொழில் நடத்துகிறவர்கள் அனைவரும் பக்கத்து மண்டபத்தில் அரைமணி நேரம் தங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காணிக்கை எடுக்கப்படாது, பிரசங்கமும் இராது. வரும்போது ஒரு தாளில், உங்களுக்காக உழைத்தும் உங்கள் சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: முகவர் கொண்டுவந்தவர்கள், வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர்கள், மூட்டை இறக்குகிறவர்கள், கடையைப் பெருக்குகிறவர்கள். பெயர் தெரியாதவர்கள் இருந்தால், அவர்களிடம் போய்க் கேட்பதற்கு இன்னும் ஆறு நாள்கள் இருக்கின்றன.